பொருள்: காலையில் கியர் விழாமை, ஸ்டேரிங் முனகல் – சொல் தேவை

மண்டபத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மீன் ஏற்றும் பழைய பிக்கப் ஓட்டுநர்களுக்காக ஒரு பழுதுத்தாள் தயாராகிறது. ஒரே பக்கம், டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் வேலை நிற்கிறது.

முதலாவது: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்குக் கியர் லேசில் விழாது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பன் பாலம் ஏறி இறங்குவதற்குள் தானாகச் சரியாகிவிடும். இதற்கான ஆங்கிலச் சொல்லைக் கணினித் தமிழாக்கத்தில் போட்டால் 'குளிர் மாற்றம்' என்று வருகிறது.

அடுத்தது, ஸ்டேரிங் ஒடிக்கும்போது வரும் சத்தம். எல்லாவற்றுக்கும் 'இரைச்சல்' என்று எழுதியாயிற்று. படித்துப் பார்த்தால் எதையும் சொல்லவில்லை.

கீழக்கரையிலிருந்து:

'குளிர்' வேண்டாம். நம் கரையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. 'குளிரில் கியர் விழாது' என்று தாளில் இருந்தால் ஓட்டுநர், இது ஊட்டிக்கான தாள் என்று நினைப்பார். வெளியே குளிர் இருக்கிறதா என்பதே கேள்வியில்லை. ஓடிச் சூடேறிய கியர்பாக்ஸ் இரவில் ஆறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். சோறு ஆறுகிறது, டீ ஆறுகிறது, அதே வினைதான். என் முன்மொழிவு: 'ஆறுநிலைத் தயக்கம்'.

தொண்டியிலிருந்து:

'ஆறு' என்ற வேர் சரி காக்கா, 'ஆறுநிலை' சரியில்லை. கியர் பற்றிய தாளில் 'ஆறுநிலை' என்று வந்தால் ஆறு கியர் உள்ள பெட்டி என்றுதான் எவரும் படிப்பார். 'ஆறிய வண்டி' என்று பெயரெச்சமாகவே வைக்கலாம், அல்லது 'ஆறல்' என்று தொழிற்பெயராக்கலாம். 'முதலோட்டம்' என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் புது வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டரோடு அது குழம்பும். மேலும், மதியம் ஐந்து மணி நேரம் நின்ற வண்டிக்கும் இதே கோளாறு வரும். அது முதலோட்டம் இல்லையே.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பிரிக்க வேண்டும். காலையில் கியர் விழாததற்கு மூன்று காரணம் உண்டு, மூன்றும் வேறு வேறு. என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையிலும் லீவர் முரண்டினால் குற்றம் லீவர், கேபிள், செலக்டர் பக்கம்; உப்புத் துரு அங்கே உட்கார்ந்திருக்கும். அணைத்தால் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கிளச் முழுதாகக் கட் ஆகவில்லை. உறுதிப்படுத்த, ஐடிலில் கிளச்சை முழுக்க மிதித்து, மூன்று நான்கு எண்ணும் வரை பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் 'கர்ர்' என்றால் கிளச்தான். கிளச் ஆயிலில் ஈரம் இறங்கி ஸ்லேவ் சிலிண்டர் (கிளச்சைத் தள்ளும் சிறு சிலிண்டர்) ரப்பர் போயிருக்கலாம், லைனில் காற்று நிற்கலாம். ஏர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கியர்பாக்ஸைத் தொட வேண்டும். இரண்டும் இல்லாமல், ஆறியபோது மட்டும் இறுகி, சூடானதும் இளகினால் கியர் ஆயில்.

ஆயில் விஷயத்தில் நம் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேரிங் தேய்ந்து கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தால், சத்தத்தை அமுக்க 140 கிரேடு ஊற்றிவிடுவார்கள். கையேடு கேட்பது பெரும்பாலும் 80டபிள்யூ-90. அந்த எண்ணெயே 40 டிகிரியில் ஏறத்தாழ 140 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கட்டித்தன்மையை அளக்கும் அலகு), 100 டிகிரியில் 14 அளவில்தான். அதாவது சூடேறினால் பத்தில் ஒரு பங்காக இளகும். 140 கிரேடு 40 டிகிரியில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கட்டி. கியர் விழுமுன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையம், கியரின் கூம்பு முகமான கோனைப் பிடிக்க வேண்டுமென்றால், நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தை அதன் மெல்லிய வரிப்பள்ளங்கள் முதலில் அறுத்து வெளியேற்ற வேண்டும். எண்ணெய் கட்டியாக இருந்தால் அந்த அறுப்புக்கு நேரம் பிடிக்கும். கையில் தெரியும் அழுத்தம் அதுதான்.

ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றுவது எதிர்த்திசைத் தவறு. டிஃபரன்ஷியலுக்கு அது சரி. சிங்க்ரோ உள்ள பெட்டிக்குக் கையேடு ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4தான். ஜிஎல்-5இன் கந்தகச் சேர்மானம் கூடுதல். வளையம் பிடிக்காமல் வழுக்கும், பித்தளையும் அரிபடும். அங்கே இறுக்கம் இருக்காது, பல் மோதும் சத்தம் இருக்கும்.

ஆகவே 'தயக்கம்' வேண்டாம். லீவர் தயங்கவில்லை, இறுகுகிறது. 'ஆறல் இறுக்கம்' என்பேன்.

கீழக்கரையிலிருந்து:

ஏற்கிறேன். ஒரு இடைஞ்சல்: வளைகுடாவில் ஆட்டோமேட்டிக் பிக்கப் ஓட்டிவிட்டு வந்தவர்கள் இங்கே நிறைய. அவர்கள் சொல்லும் கோளாறு வேறு. லீவரை டி-க்குத் தள்ளினால் லேசாகப் போகிறது, ஆனால் வண்டி நகர இரண்டு மூன்று வினாடி ஆகிறது. அங்கே கைக்கு எந்த இறுக்கமும் இல்லை. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) குறைந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது பிஸ்டன் ரப்பர் சீல்கள் காய்ந்து கடினமாகி, சூடேறி விரியும் வரை அழுத்தத்தைக் கசியவிடும். அளவை டிப்ஸ்டிக்கில் பார்ப்பதும் வேறு மாதிரி: பெரும்பாலான பெட்டிகளில் என்ஜின் ஓட, எண்ணெய் சூடாக, சமதளத்தில். ஆறியபோது பார்த்து ஊற்றினால் சூட்டில் அளவு மீறி நுரைக்கும். இதற்கு 'ஆறல் தாமதம்' என்று தனியாக வைக்கலாமா? இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'ஆறல் மந்தம்'.

தொண்டியிலிருந்து:

வைக்கலாம். காலையில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குச் சற்றுத் தாமதமாக ஏறுவது சில ஆட்டோமேட்டிக்கில் கம்பெனியே வைத்த ஏற்பாடு, என்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று. அதைப் பழுதென்று தாளில் எழுதிவிடாதீர்கள். நகரத் தொடங்கும் தாமதம் மட்டும் பழுது.

ராமநாதபுரத்திலிருந்து:

ஸ்டேரிங் பக்கம் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். 'இரைச்சல்' என்ற ஒரு சொல்லால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினால் பட்டறைக்காரர் ஊகித்துக் கழற்றுவார். ஓட்டுநர் காதில் விழுவதை நான்காகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது.

ஒடிக்கும்போது 'கிரீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பளபளத்துப் போயிருக்கிறது. இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம். அதற்கு மேல் போனால் இறுக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது 'லொடக்' என்றால் டை ராட் எண்டு, பால் ஜாயிண்ட். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தின் 9, 3 இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும், 12, 6இல் பால் ஜாயிண்ட். இவை சுருக்கமாகப் போதும்.

மூன்றாவதை இந்தக் கரையில்தான் அதிகம் பார்க்கலாம். ஸ்டேரிங் ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இறுகி, இரண்டு இடத்தில் இளகும். கூடவே கரகரவென்று ஒரு சத்தம். அது ஸ்டேரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடித்தது. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சேஸிஸ் மேலே விழுந்து அங்கேதான் தேங்குகிறது. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, ஒடித்து ஒடித்து விட்டால் சில வாரம் ஓடும். நிரந்தரம் என்றால் மாற்றுவதுதான். வண்டி கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். போர் தண்ணீரே உவர் என்றால் கழுவக் கழுவத் துரு ஏறும். குடிக்க வரும் காவிரித் தண்ணீரை யார் வண்டிக்கு ஊற்றுவார் என்று கேட்பீர்கள். ஒரு குடம், கிராஸுக்கும் டை ராட்டுக்கும் மட்டும் போதும்.

நான்காவது முனகல். ஆக்ஸிலேட்டர் கூடினால் கூடும், ஒடித்து முட்டக் கொண்டுபோனால் அழும். பவர் ஸ்டேரிங் பம்பில் இருந்து வருகிறது. முனகல் காலையில் மட்டும் வந்தால் எண்ணெய் கட்டி என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் அது பாதிதான் உண்மை. ஸ்டேரிங் எண்ணெயாகப் பல பழைய வண்டிகளில் ஏடிஎஃப்தான் போகிறது, அது 40 டிகிரியில் 35 சென்டிஸ்டோக் அளவு மெல்லியது. நம் விடியற்காலைக்கு அது கட்டியாகாது. அப்படியும் முனகினால் யாரோ கியர் ஆயிலோ என்ஜின் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள், அல்லது பம்பு உறிஞ்சும் வழியில் குறை. ஸ்டேரிங் எண்ணெய் டப்பாவுக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம், ஹோஸின் உள்தோல் உரிந்து மடங்கியிருக்கலாம், கிளிப்பு தளர்ந்து காற்று புகலாம்.

கடைசியதுதான் ஆளை ஏமாற்றும். உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு எண்ணெய் கசியாது, காற்று உள்ளே போகும். டப்பாவைத் திறந்தால் எண்ணெய் பால்போல வெளுத்து நுரைத்திருக்கும். கிளிப்பைச் சுற்றிக் கிரீஸை அப்பிவிட்டு என்ஜினை ஓட்டுங்கள். முனகல் அடங்கினால் திருடன் அங்கேதான். ஹோஸ் மாற்றியபின் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, என்ஜினை அணைத்தபடி முட்ட முட்டப் பத்துப் பதினைந்து தடவை ஒடித்து, டப்பாவில் எண்ணெய் இறங்க இறங்க நிரப்பி, அப்புறம் ஸ்டார்ட். முட்டிய இடத்தில் ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள், சீல் உப்பிப் போகும்.

சொல் இரண்டு வேண்டும். வெளிக்காற்று புகுந்து நுரைப்பது ஒன்று. காற்றே புகாமல், எண்ணெய் போதாமல் பம்புக்குள் குமிழ் கட்டி உடைவது இன்னொன்று. முதலாவதற்கு 'காற்றுநுரைப்பு'. இரண்டாவதற்கு 'இழுவைப் பஞ்சம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து:

அண்ணே, 'இழுவை' மட்டும் வேண்டாம். இந்தக் கரையில் இழுவை என்றால் மீன் பிடிக்கும் மடி வலை. 'இழுவைப் பஞ்சம்' என்று தாளில் கண்டால் மீன்பாடு இல்லை என்று படித்துவிட்டுப் போவார்கள். 'உறிஞ்சல் பற்றாக்குறை' என்று நீட்டலாமா?

ராமநாதபுரத்திலிருந்து:

நீளம், ஆனால் தவறில்லை. நடுவில் பொருளும் கெடவில்லை. விசைப்படகுக்காரர்களுக்குப் புரொப்பல்லரில் குழி விழுவது தெரியும். உள்ளே நடப்பது அதே குமிழ் உடைப்புதான் என்று ஒரு வரி சேர்த்தால் பிடித்துக்கொள்வார்கள்.

மண்டபத்திலிருந்து:

சேர்த்துவிட்டேன். தாளில் இப்போது: ஆறல் இறுக்கம், ஆறல் தாமதம்; கிரீச், லொடக், கரகரப்பு, முனகல்; காற்றுநுரைப்பு, உறிஞ்சல் பற்றாக்குறை. கிளச் கட் ஆகாததற்கு 'அறாத கிளச்' என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார்.

தொண்டியிலிருந்து:

'அறாத' நல்ல தமிழ்தான், ஆனால் ஓட்டுநர் வாயில் 'கட் ஆகல' என்பதுதான் இருக்கிறது, பட்டறைக்காரருக்கும் அதுதான் புரியும். அதை அப்படியே விடுங்கள். சிங்க்ரோ வளையத்தைக் கோனில் அழுத்தி, வளையத்துக்கும் கியரின் பல் முகத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பார்க்கும் அந்த இடைவெளிக்கு மட்டும் ஒரு சொல் யோசியுங்கள். 'கேப்' என்று எழுதினால் என்ஜின் வால்வின் டாப்பெட் கேப்போடு குழப்பிக்கொள்கிறார்கள்.