பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்லின் முன்

கடந்த ஆண்டு போயா விடுமுறை நாளொன்றில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கும் நண்பர்கள் ஆறு பேர் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, இலங்கையின் பண்டைய தலைநகரான பொலன்னறுவைக்குச் சென்று வந்தோம். கொழும்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் கூடிய தூரம் என்பதால் அதிகாலை மூன்று மணிக்கே புறப்பட்டு, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகச் சென்றோம். கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் வழியிலேயே உண்டு முடித்தோம்.

எங்களுடன் வந்தவர்களுள் ஒருவர் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவர். பழைய கோயில்கள் நிற்கும் தலதா மலுவ முற்றத்தில் மக்கள் எல்லோரும் நிசங்கமல்ல மன்னனின் கல்பொத்த என்னும் பெருங்கல்வெட்டைச் சுற்றி நின்றுகொண்டிருக்க, அவர் எங்களை நேராக அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் அருகில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கற்பலகையிடம் அழைத்துச் சென்றார். அதுதான் வேளைக்காரர் கல்வெட்டு என்றார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அது. இடையிடையே கிரந்த எழுத்துகளும் வரும்.

நாங்கள் குனிந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, அங்கே காவலில் இருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "மல்லி (தம்பி), இது உங்களுடைய எழுத்துத்தானே? இத்தனை வருடமாக இதன் பக்கத்தில் நிற்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை" என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையில் எங்களில் ஐந்து பேரால் இரண்டு சொற்களைக்கூடத் தொடர்ந்து வாசிக்க இயலவில்லை. பிறந்தது முதல் பேசிவரும் மொழி கண்ணெதிரே கல்லில் இருந்தும் அதை வாசிக்க முடியாமல் நின்ற அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தன.

வரலாற்று நண்பர் தாம் எழுதிக் கொண்டுவந்திருந்த பாடத்தைக் கல்லோடு ஒப்பிட்டு வாசித்து, பொருளைச் சிங்களத்தில் அவருக்கு எடுத்துச் சொன்னார். முதலாம் விஜயபாகு மன்னனின் காலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்காக எழுப்பப்பட்ட தந்ததாதுக் கோயிலைத் தங்கள் பொறுப்பில் ஏற்று, அதற்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரர்' என்ற தங்கள் பெயரையும் சூட்டி, என்றும் காப்போம் என்று தமிழ் பேசிய போர்வீரர் கூட்டம் ஒன்று செய்துகொடுத்த உறுதிமொழி அது. சோழருக்கு எதிராகப் போரிட மறுத்து அதே விஜயபாகுவுக்கு எதிராகக் கிளர்ந்தவர்களும் வேளைக்காரர்களே என்பதைப் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்ட அந்த முதியவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, கல்லின் அடியில் விழுந்திருந்த சருகுகளைக் கையால் அகற்றினார்.

அங்கிருந்து இரண்டாம் சிவ தேவாலயத்திற்குச் சென்றோம். அடி முதல் சிகரம் வரை கல்லாலேயே கட்டப்பட்ட இச்சோழர் கோயிலின் பழைய பெயர் வானவன்மாதேவி ஈச்சரம் என்பது, அங்குள்ள அதிராஜேந்திர சோழனின் கல்வெட்டினால் தெரியவருகிறது. சோழர் இந்நகருக்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட காலத்தின் நினைவாக இன்றும் நிற்கும் கட்டடம் இது. ஆயினும், பெரும்பாலான வான்கள் இதைக் கடந்து கல் விகாரைக்கு விரைகின்றன. செல்பவர்கள் இங்கே அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாங்கள் சென்றபோது கருவறையில் யாரோ ஏற்றிவைத்த சிட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்களும் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டோம்.

கல் விகாரையைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் நான் நீட்டவில்லை. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள சயனப் புத்தரின் தலை அழுத்தித் தலையணை சற்றே பள்ளமாகியிருப்பதைக் கருங்கல்லில் காட்டிய அந்தச் சிற்பியின் கையை மட்டும் என்னால் மறக்க இயலாது. நண்பகலில் வெறுங்காலுடன் நடப்பது மிகக் கடினம் என்பதால், செல்பவர்கள் தடித்த காலுறை கொண்டுசெல்வது நல்லது.

மாலை நான்கு மணிக்குத் திரும்பிப் புறப்பட்டபோது, முதலாம் சிவ தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று ஒருவர் கேட்டார். பல கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று வரலாற்று நண்பர் சொன்னதும் வானுக்குள் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். அந்தக் கட்டடத்தை நாங்கள் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆறு பேரும் அங்கே சென்று, பொலன்னறுவை நடராசரின் முன்னும் சுந்தரமூர்த்தி நாயனாரின் முன்னும் நின்றோம். 1409ஆம் ஆண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே பொறிப்பித்த மும்மொழிக் கல்வெட்டும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதிலுள்ள தமிழ்ப் பகுதியை வாசித்துப் பழகுவதற்காக, இப்போது மாதத்திற்கு ஒரு முறை வரலாற்று நண்பரின் வீட்டில் கூடுகிறோம். கிரந்த எழுத்துகளில் பாதியை அறிந்துகொண்டுவிட்டோம்.