அஞ்சு கடை இருந்தாத்தான் ரிவ்யூவா?

குன்னூர் வால்வு:
நேத்து மூஞ்சிக்கல் ரேடியோ அண்ணன் நம்ம குரூப்ல போட்டது: “ஆடியோ பத்திரிகையில விளம்பரம் குடுத்தவன் பொட்டிக்குத்தான் (ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எதுவானாலும்) ரிவ்யூ. மத்ததெல்லாம் கண்துடைப்பு.” படிச்சதும் குடிச்ச டீ கசந்துபோச்சு. ஸ்டீரியோஃபைல்னு அமெரிக்க ஆடியோ பத்திரிகை, அதுல விதியே இருக்குண்ணே. ஒரு பொட்டி அமெரிக்காவுல குறைஞ்சது அஞ்சு கடையில விக்கணும், அப்பத்தான் முழு ரிவ்யூவுக்கு எடுப்பாங்க. வாங்குறவன் போய்க் காதால கேக்கணும், ரிப்பேர்னா தூக்கிட்டுப் போக இடம் வேணும், ஆறு மாசத்துல கம்பெனி காணாமப் போகக்கூடாது. இதுல விளம்பரம் எங்க வந்துச்சு?

மூஞ்சிக்கல் ரேடியோ:
அஞ்சு கடை! அதுவும் அமெரிக்காவுல! நான் கொடைக்கானல் ஏழு ரோடு முழுக்க அலைஞ்சும் ரெக்கார்டு பிளேயருக்கு ஒரு நல்ல ஊசி கிடைக்கல தம்பி. அஞ்சு கடையில பொட்டியை நிறுத்தக் காசு இருக்கறவன்கிட்டதான் முழுப்பக்க விளம்பரத்துக்கும் காசு இருக்கும். வீட்டுப் பின்கட்டுல ஒண்டியா ஆம்ப் கட்டுறவன் எங்க போவான்?

குன்னூர் வால்வு:
காசு இருக்கறதும், காசு வாங்கிட்டு எழுதறதும் ஒண்ணா? 1962-ல கோர்டன் ஹோல்ட் அந்தப் பத்திரிகையை ஆரம்பிச்சதே விளம்பரக்காரனுக்குப் பயந்து பூசி மெழுகுற எழுத்து பிடிக்காமத்தான். மறுபடி சொல்றேன், அஞ்சு கடை. அது எல்லாருக்கும் பொது.

லவ்டேல் டீச்சர்:
எல்லாருக்கும் பொதுவா? அதே பத்திரிகையில மாசாமாசம் தனிப் பத்தி (காலம்) எழுதுறவங்களுக்கு அந்த விதி கிடையாதே. அப்புறம் 1962 கதை இருக்கட்டும். இப்ப பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம்தானே? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்னு இன்னொரு அமெரிக்கப் பத்திரிகை 1936-லேருந்து கம்பெனி விளம்பரம் போடாம, கடையில காசு குடுத்து வாங்கிச் சோதிக்குது. ஸ்டீரியோஃபைல்காரங்க கம்பெனி அனுப்புற பொட்டியைக் கேட்டுட்டு, பிடிச்சுப்போனா சலுகை விலையில வீட்டுலயே வச்சுக்கறாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

குன்னூர் வால்வு:
டீச்சர், அங்க சோதிக்கறது வாஷிங் மெஷின் மாதிரி சாமான். இருபது லட்ச ரூபா ஆம்பை மாசத்துக்கு ஒண்ணு வாங்கிப்போட எந்தப் பத்திரிகையால முடியும்? எழுதினவர் தலைமேல தூக்கி வச்சு ஆடின பொட்டியை அதே பத்திரிகையோட ஜான் அட்கின்சன் கருவி வச்சு அளந்து, கிராஃபை அதே ரிவ்யூவோட போட்டு மானத்தை வாங்கினதும் உண்டு. கம்பெனிக்காரன் பதிலையும் அச்சடிக்கறாங்க. விலைபோனவன் இதெல்லாம் ஏன் செய்யணும்? ஆனா நான் பேச வந்தது அது இல்ல. அஞ்சு கடை.

கோத்தகிரிக்காரன்:
ஒரு சந்தேகம். ஒரே முதலாளிக்கு அஞ்சு ஊர்ல கிளை இருந்தா அது அஞ்சு கடையா, ஒரு கடையா?

குன்னூர் வால்வு:
விதண்டாவாதம்.

மூஞ்சிக்கல் ரேடியோ:
பதில் தெரியலன்னா தமிழ்ல அப்படித்தான் சொல்வாங்க.

குன்னூர் வால்வு:
எனக்கா தெரியல? “புதுசு மாதிரி இருக்கு தம்பி”ன்னு போன வருஷம் ஒரு ரெக்கார்டு தலையில கட்டினீங்களே, உறையைத் திறந்தா காளான் வாசம். அந்த வாயிலேருந்து நேர்மையைப் பத்திப் பாடம் வேற!

மூஞ்சிக்கல் ரேடியோ:
கொடைக்கானல் வெயில் பார்த்து வளர்ந்த தட்டு அது. உங்க ஊருக்கு வந்துதான் பூத்துச்சு. ஐப்பசி மழைக்கு உங்க சுவத்துலயே பாசி பிடிக்குது, தட்டு என்ன பண்ணும்?

லவ்டேல் டீச்சர்:
கொடைக்கானல்ல வெயிலா? ரெண்டு பேரும் முதல்ல பழைய உறையைத் தூக்கிப்போட்டு, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் வைங்க.

குன்னூர் வால்வு:
வச்சிருக்கேன் டீச்சர். வால்வு ஆம்ப் சூட்டுல என் ரூம் உலர்ந்துதான் கிடக்கு. சாயங்காலம் வோல்ட்டேஜ் படுத்துக்கற ஊர்ல அதை ஓட்டறேன், ஸ்டெபிலைசர் கத்துற கத்துல பாட்டே பாதிதான் கேக்குது. இந்த அண்ணன் வந்து எனக்குப் பராமரிப்பு சொல்லித் தரார். பேச்சை மாத்தாதீங்க. அஞ்சு கடைக்குப் பதில் சொல்லுங்க.

மூஞ்சிக்கல் ரேடியோ:
ரெக்கார்டை இழுத்தது நீங்க. பேச்சை மாத்தறது நானா?

கோத்தகிரிக்காரன்:
யாராவது அந்தக் கிளைக் கணக்கைச் சொல்லுங்கப்பா.

குன்னூர் வால்வு:
அஞ்சு கடைன்னா அஞ்சு கடை. இங்க கரண்ட் போச்சு, போன்ல சார்ஜும் இல்ல. மிச்சத்தை வந்து வச்சுக்கறேன்.

மூஞ்சிக்கல் ரேடியோ:
வாங்க வாங்க. வரும்போது அந்த ரெக்கார்டுக்குத் தர வேண்டிய பாக்கியையும் கொண்டு வாங்க.