டிஎல்எஸ் அளவீட்டில் 200 நானோமீட்டரில் ஓர் உச்சம்: தூசியா, திரளா?

டிஎல்எஸ் (நீரில் மிதக்கும் துகள்கள் லேசர் ஒளியைச் சிதறடிப்பதை வைத்து அவற்றின் அளவைக் காணும் முறை) கருவியோடு நன்றாகப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். என்னிடம் இருப்பவை சிட்ரேட் பூசிய தங்க நானோ துகள்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே 20 நானோமீட்டர் உருண்டைகள். டிஎல்எஸ்ஸில் அளந்தாலோ 27இல் ஓர் உச்சம், 200க்குப் பக்கத்தில் இன்னொன்று. பாலிடிஸ்பெர்சிட்டி குறியீடு (துகள் அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.4.

முதல் உச்சத்தில் சிக்கல் இல்லை. துகளோடு சேர்ந்து நகரும் நீர்ப் படலத்தையும் சேர்த்த விட்டம்தானே அது, சற்றுப் பெரிதாகத்தான் வரும். குழப்புவது இரண்டாவதுதான். ராலே கணக்குப்படி சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. அப்படியானால் ஒரே ஒரு 200 நானோமீட்டர் துகள், பத்து லட்சம் சிறு துகள்களுக்கு ஈடாக ஒளியைச் சிதறடிக்கும்! ஒளிச்செறிவுப் பரவலை எண்ணிக்கைப் பரவலுக்கு (எந்த அளவில் எத்தனை துகள்கள் என்பதற்கு) மாற்றினால் அந்த உச்சம் காணாமலே போகிறது. ஆனால் அந்த மாற்றம் சிறு பிழையையும் ஊதிப் பெரிதாக்கும் என்பதால் அதை நம்ப மனம் வரவில்லை.

சரி, இதுவரை பார்த்தவை: கருவியைச் சோதிக்க அளந்த 100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் லேடெக்ஸ் (அளவு தெரிந்த துகள்கள்) சரியாகவே வருகிறது. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், நீரின் பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல் நொடி. மேலும் நீர்த்தாலும் உச்சம் அதே இடம்தான். கரைசல் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, துகள்கள் பெருமளவு திரண்டால் வரும் ஊதா பக்கம் போகவில்லை.

0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் தங்கம் சவ்வில் ஒட்டிக்கொள்ளுமா? அதைவிட மெதுவான மையவிலக்குச் சுழற்சி மேலா? அப்புறம், எண்ணிக்கை வீதத்தில் (நொடிக்குப் பதிவாகும் ஒளித்துகள்களில்) வரும் திடீர்த் தாவல்களை வைத்தே தூசியா திரளா என்று பிரிக்க முடியுமா? தொடர்பு வளைவு (சிதறொளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து கருவி கணிக்கும் மூல வரைபடம்) வேண்டுமானால் அனுப்புகிறேன்.