அடைப்பு கரைந்ததும் மாறும் இதயத் துடிப்பு

கேள்வி: கீழ்ச்சுவர் மாரடைப்பு (இதயத்தின் அடிப்பக்கத் தசை பாதிப்பு). டெனெக்டிப்ளேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி) போட்டு 40 நிமிடத்தில் மானிட்டரில் அகலமான க்யூஆர்எஸ் (கீழறைகள் சுருங்குவதைக் காட்டும் ஈசிஜி அலை), துடிப்பு நிமிடத்துக்கு 80. பிபி 120/80, நோயாளி தெளிவாகப் பேசுகிறார். அமியோடரோன் (தாளக் கோளாறை அடக்கும் மருந்து) கொடுக்கலாமா?

பதில் 1: வேண்டாம். வேகம் 50–110க்குள் என்றால் பெரும்பாலும் அது வென்ட்ரிக்கிளிலிருந்து (இதயக் கீழறை) எழும் மெதுவான தாளம். அடைபட்ட குழாய் திறக்கும்போது வரும், தானே அடங்கும். சைனஸ் துடிப்பு (இதயத்தின் இயல்பான துடிப்பு) மந்தமாக இருப்பவருக்கு இதை மருந்தால் அடக்கினால் துடிப்பே நின்றுபோகலாம். 12 லீட் ஈசிஜி எடுத்து மாரடைப்பில் உயர்ந்திருந்த எஸ்டி பகுதி இறங்கியிருக்கிறதா பாருங்கள். தாளத்தை மட்டும் நம்பி குழாய் திறந்துவிட்டது என முடிவுகட்டாதீர்கள், தயவுசெய்து.

பதில் 2: டிஃபிப் பேடை (மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியின் பட்டை) ஒட்டியே வையுங்கள். விஎஃப் (கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கி ரத்தம் ஓடாத நிலை) அதிகம் வருவது முதல் சில மணி நேரத்தில்தான். வந்தால் உடனே பைஃபேசிக் (இருதிசை மின்னோட்டம்) 200 ஜூல் ஷாக். பல்ஸ் தேடி நிற்காமல் 2 நிமிடம் சிபிஆர் (மார்பை அழுத்தும் முதலுதவி). மூன்று ஷாக்குக்கும் அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மிகி. ரத்தத்தில் பொட்டாசியம் 4 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே போக விடாதீர்கள்.

கேட்டவர்: நன்றி. துடிப்பு 40க்கு இறங்கினால்?

பதில் 1: பிபியும் சேர்ந்து இறங்கினால் அட்ரோபின் (துடிப்பை வேகப்படுத்தும் மருந்து) 1 மிகி ஐவி (நரம்பு வழி ஊசி), 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மிகி வரை. ஒரு டோஸ் 0.5 மிகிக்குக் குறைந்தால் துடிப்பு மேலும் மந்தமாகலாம். வலப்பக்க ஈசிஜி (மார்பின் வலப்பக்கம் லீட் வைத்து எடுப்பது) பார்க்காமல் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) கொடுக்காதீர்கள்.