புதுப்பிப்பு: மழைக்காலத்தில் சைக்கிளா, எம்ஆர்டி ரயிலா?

சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரியில் பீஷானிலிருந்து காலாங் வரை வேலைக்கு சைக்கிளில் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் "ரெயின்கோட் போதும்" என்றீர்கள், மீதிப் பேர் "பேசாமல் ரயிலில் போ" என்றீர்கள். நான் நடுவில் நின்றுவிட்டேன்: மடக்கு சைக்கிள் வாங்கியாச்சு. மடக்கிய அளவு 120 செ.மீ. நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருந்தால் எந்த நேரத்திலும் எம்ஆர்டியில் ஏற்றலாம். அதனால் காலையில் மட்டும் முடிவெடுத்தால் போதும், மாலையை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டு வகை உண்டு. மதியத்துக்கு மேல் இடியோடு வரும் மழைக்கு ரேடார் படமும் இரண்டு மணி நேர முன்னறிவிப்பும் நன்றாக உதவுகின்றன; கொஞ்சம் காத்திருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். தென்சீனக் கடல் பக்கமிருந்து காற்று பலமாகி வரும் அடைமழை வேறு ரகம். அது நாள் கணக்கில் நசநசவென்று பெய்யும், காத்திருந்து பயனில்லை. அந்த நாட்களில் சைக்கிள் வீட்டிலேயே இருக்கும்.

தூறலுக்குப் பயமில்லை. இடி கேட்டால் மட்டும் யோசனையே கிடையாது, ரயில்தான். நனைந்த வடிகால் இரும்பு மூடிகளில் பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும். ஆற்றோரச் சுரங்கப்பாதைகளில் கனமழைக்குப் பின் தண்ணீர் நிற்கலாம், மேலே சாலையைக் கடந்து போவதே நல்லது. மட்கார்டு கேட்டவர்களுக்கு: கட்டாயம் போடுங்கள், முதுகுச் சட்டை பிழைக்கும்!