ஸ்பார்டகஸ் பிளூ-ரே: முகமெல்லாம் ஏன் மெழுகு மாதிரி இருக்கிறது?

டிஸ்க்பைத்தியம்:

வணக்கம். போன வாரம் பழைய டிஸ்க் விற்கும் ஒருவரிடம் ஸ்பார்டகஸ் பிளூ-ரே 600 ரூபாய்க்கு வாங்கினேன். 1960-ல் வந்த படம், சூப்பர் டெக்னிராமா 70 என்ற அகலத்திரை முறை. அறுபதுகளில் அப்பா மதராஸில் பெரிய திரையில் பார்த்துவிட்டு வந்து ஆறு மாதம் அதையே பேசிக்கொண்டிருந்தாராம். அவரையே பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டேன். 55 இஞ்ச் டிவி. அரைமணி நேரம் ஓடியிருக்காது, "என்னடா, எல்லாரும் மூஞ்சியில வெண்ணெய் தடவிக்கிட்டு வந்திருக்காங்க?" என்றார்.

சொன்னது சரிதான். கதாநாயகன் கிர்க் டக்ளஸ் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு மயிர்க்கால் கிடையாது, தாடைக்குழி மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆட்களைச் சுற்றி மெல்லிசாக வெள்ளைக் கோடு வேறு. என்னிடம் இருக்கும், சாதாரண 35 எம்எம் அகல ஃபிலிமில் எடுத்த படங்களே இதைவிடத் தெளிவாக ஓடுகின்றன. 70 எம்எம் படம் இன்னும் நன்றாக அல்லவா இருக்க வேண்டும்? கோளாறு டிவியிலா, பிளேயரிலா, டிஸ்க்கிலா? அட்டையின் பின்பக்கம் 2010 என்று போட்டிருக்கிறது.

சேலம்_ஹெச்டி:

முதலில் டிவியைப் பாருங்கள். பிக்சர் மோடு 'விவிட்'டில் இருந்தால் 'மூவி'க்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கடையிலிருந்து வரும்போதே இதெல்லாம் ஆனில்தான் வரும். சினிமா சீரியல் மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

டிஸ்க்பைத்தியம்:

எல்லாம் செய்தாயிற்று. வெள்ளைக் கோடு கொஞ்சம் குறைந்தது. வெண்ணெய் அப்படியே இருக்கிறது.

கேபின்ராஜு:

தம்பி, டிவியைத் திட்டாதீர்கள், பாவம். டிஸ்க்தான் நோயாளி. ஸ்பார்டகஸின் 2010 பிளூ-ரே வந்த நாளிலிருந்தே திட்டு வாங்கிய சரக்கு. ஒரு பழைய மாஸ்டரை, அதாவது டிஸ்க்குக்கான மூலப் பிரதியை எடுத்து, அதில் தெரிந்த கிரெய்னை, அதாவது ஃபிலிமின் பொடித் துகளை, டி.என்.ஆர். என்ற கம்ப்யூட்டர் வடிகட்டி போட்டு வழித்துவிட்டார்கள். வழித்ததில் படம் மழுங்கிப்போனதும், ஓரங்களைக் கூராக்கிச் சரிக்கட்டப் பார்த்தார்கள். நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கோடு அதுதான். கிரெய்னைத் தூசி என்று நினைத்துத் துடைக்கிறார்கள். ஃபிலிமில் முகமும் சுருக்கமும் அந்தத் துகளால்தான் உருவாகின்றன. அதைச் சுரண்டினால் தோலும் சேர்ந்துதான் வரும்.

நான் 1978-லிருந்து பதினோரு வருடம் ஒரு 70 எம்எம் தியேட்டர் கேபினில் இருந்தவன். காலையில் முதல் வேலை, ஃபிலிமிலிருந்து ஒலியைப் படிக்கும் மேக்னடிக் ஹெட்டைத் துடைப்பது. 70 எம்எம் பிரிண்டில் ஓரங்களில் காந்தப் பூச்சு 4 பட்டையாக ஓடும், அதில் 6 தடம் ஒலி. ஓட ஓடப் பூச்சு உதிர்ந்து ஹெட்டில் காப்பிப்பொடி மாதிரி படியும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க மறந்தால் இடைவேளைக்குள் ஒரு ஸ்பீக்கர் ஊமையாகி, மேனேஜர் மூச்சிரைக்க மாடியேறி வருவார். கேமராவில் 65, பிரிண்டில் 70 என்று இருப்பதே இந்தப் பட்டைகளுக்கு இடம் விடத்தான். 65-ல் எடுத்த படத்தின் துண்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடி இல்லாமலே கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவன் தலைப்பாகை கட்டியிருக்கிறானா என்று தெரியும். நம் ஊரில் 70 எம்எம் என்று போஸ்டர் ஒட்டியதில் நிறைய வேறு ரகம். ஷோலே கூட 35-ல் எடுத்துப் பெருக்கியதுதான்.

ஒரு திருத்தம். ஸ்பார்டகஸ் 65 எம்எம் நெகட்டிவில் எடுத்த படம் கிடையாது. டெக்னிராமாவில் 35 எம்எம் ஃபிலிமே படுக்கைவாக்கில் ஓடும், ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் 8 துளை. அதிலிருந்து 70-க்குப் பிரிண்ட் போட்டார்கள். அப்படியும் சாதாரண 35-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் பரப்பு உண்டு. நெகட்டிவில் நிறம் மங்கிவிட்டதால், 1991-ல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் நிறம் பிரித்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளை வைத்து மீட்டார்கள். அப்புறம் 2015-ல் 6கே-யில் (குறுக்கே சுமார் 6000 புள்ளி) ஸ்கேன் செய்து புது பிளூ-ரே வந்தது, அட்டையில் 'ரெஸ்டோர்டு எடிஷன்' என்று இருக்கும். அதை வாங்குங்கள். 2020-ல் 4கே டிஸ்க்கும் வந்துவிட்டது.

இதே வியாதி வேறு இரண்டு படத்துக்கும் உண்டு. பேட்டன் 65 எம்எம்-ல் எடுத்தது, அதன் 2008 பிளூ-ரேயையும் இப்படித்தான் வழித்தார்கள், 2012-ல் திருத்தி விட்டார்கள். மை ஃபேர் லேடியின் 2011 டிஸ்க் சுமார், 2015-ல் வந்தது அருமை. படத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், எந்த வருட ஸ்கேன் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க லாரன்ஸ் ஆஃப் அரேபியா போட்டுப் பாருங்கள். 65 எம்எம் நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்தார்கள். பாலைவனச் சூட்டில் ஃபிலிம் மேல் விழுந்த வெடிப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் அடைத்து 2012-ல் பிளூ-ரே விட்டார்கள். கிணற்றடிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கானல்நீருக்குள்ளிருந்து ஒமர் ஷெரீஃப் ஒரு புள்ளியாக வருவார். வீடியோ கேசட்டில் அந்தப் புள்ளியே கிடையாது, திடீரென்று ஒட்டகம் முளைக்கும்! அமெரிக்க டிவிடியில் மொத்தம் 480 வரி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போகப் படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 390. பிளூ-ரேயில் 870, 4கே-யில் 1745. டிவிடியில் புள்ளி நடுங்கிக்கொண்டே வந்து சேரும். பிளூ-ரேயில் அது ஒட்டகமா ஆளா என்று நீங்களே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீர்கள். தியேட்டரிலும் ஜனம் அதைத்தான் செய்திருக்கும்.

நைட்ஷோ_நாகராஜ்:

கேபின்ராஜு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்குக் கிரெய்ன் பிடிக்காது. கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது. அதைவிடக் கொடுமை பென்-ஹர். என் 43 இஞ்ச் டிவியில் ரிப்பன் மாதிரி ஓடுகிறது. அளந்தேன், உயரம் பதிமூன்றரை இஞ்ச்! பழைய டிவி ஒளிபரப்பில் திரை முழுக்க வந்ததே, அதுவே தேவலை.

கேபின்ராஜு:

கோபமெல்லாம் இல்லை. ஆனால் அந்த ஒளிபரப்பில் ரதப் போட்டியில் எத்தனை குதிரை பார்த்தீர்கள்? அந்தப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.76 மடங்கு. பழைய டிவிக்காக வெட்டினால் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். நான்கு வெள்ளைக் குதிரையில் இரண்டை லாயத்திலேயே கட்டிவிட்டு ஓட்டிய மாதிரி. நாற்காலியை டிவிக்கு ஐந்தடியில் இழுத்துப் போடுங்கள், ரிப்பன் வேட்டியாகிவிடும். 65 எம்எம் படத்தில் கிரெய்ன் மிகப் பொடிசு. அதுவே பூச்சி மாதிரி தெரிகிறது என்றால் உங்கள் டிவி ஷார்ப்னஸையும் ஒருமுறை சேலம்காரரிடம் காட்டுங்கள்.

டிஸ்க்பைத்தியம்:

வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் நம் பிளேயரில் ஓடுமா அண்ணே?

சேலம்_ஹெச்டி:

பிளூ-ரேயில் இந்தியா 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ', பிரிட்டன் 'பி'. சில டிஸ்க்குகளில் மண்டலப் பூட்டு இருக்காது, சிலவற்றில் இருக்கும், விசாரித்து வாங்குங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும், சாதாரண பிளூ-ரே பிளேயர் அதைப் படிக்காது.

டிஸ்க்பைத்தியம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நண்பர் ஒருவரிடம் 2015 ஸ்பார்டகஸ் கிடைத்தது. நேற்று போட்டோம். அப்பா முதல் இருபது நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் கிர்க் டக்ளஸ் முகம் நெருக்கத்தில் வந்தது. "இந்த ஆளு சரியா சவரம் பண்ணலைடா" என்றார்.

பழைய டிஸ்க்கை நூறு ரூபாய்க்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொல்கிறார். கொடுக்கவில்லை. எனக்கே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. லாரன்ஸ் ஆர்டர் போட்டாயிற்று. நடுவில் இடைவேளை விட்டுத்தான் போட வேண்டும் என்று அப்பா நிபந்தனை.

கேபின்ராஜு:

டிஸ்க்கிலேயே இடைவேளை இருக்கிறது தம்பி. ஆரம்பத்தில் இசை மட்டும் ஓடித் திரை கறுப்பாக இருக்கும், பழுது என்று நினைத்து ரிமோட்டைத் தேடாதீர்கள்.