ஸ்பேஸ்வாக் போக ஏர்லாக்ல எதுக்கு இவ்ளோ நேரம்?

மண்டைகுடைச்சல்:
ஒரு ஸ்பேஸ்வாக் (விண்வெளி வீரர்கள் ஸ்டேஷன விட்டு வெளிய போறது) லைவ் பாத்தேன், ஏர்லாக்குள்ள, அதாவது வெளிய போற வழில இருக்குற ரூமுக்குள்ள, போனவங்க மணிக்கணக்கா வெளிய வரவே இல்ல. சூட்ட மாட்டிட்டு கதவ தொறந்தா முடிஞ்சுதே, அப்புறம் என்ன? ஒரே கதவு போதாதா?

ராக்கெட்ராசு:
ஒரே கதவுன்னா அத தொறந்ததும் ஸ்டேஷன்ல இருக்குற காத்து மொத்தமும் காலி ப்ரோ. அதான் ரெண்டு கதவு, நடுவுல ஒரு ரூம், ஒண்ண சாத்துனா தான் இன்னொண்ணு. ஐஎஸ்எஸ்ல (சர்வதேச விண்வெளி நிலையம்) இருக்குற க்வெஸ்ட்ங்கிற ஏர்லாக் 2001 ஜூலைல அட்லாண்டிஸ் விண்வெளி ஷட்டில்ல போனது, சூட் மாட்ட ஒரு ரூம், வெளிய இறங்க ஒரு சின்ன ரூம். இறங்குற ரூம் காத்தையும் அப்படியே விட்டுட மாட்டாங்க, பம்ப் வெச்சு முடிஞ்ச வரைக்கும் ஸ்டேஷனுக்குள்ள இழுத்துட்டு மிச்சத்த தான் வெளிய விடுவாங்க. அங்க காத்து ஓசில கெடைக்குமா என்ன.

லேட் ஆகுறதுக்கு காரணம் நைட்ரஜன். ஸ்டேஷன்ல காத்தோட பிரஷர் 14.7 பிஎஸ்ஐ (பிரஷர அளக்குற அலகு), சூட்டுக்குள்ள வெறும் 4.3 தான், அதுக்கு மேல ஏத்துனா சூட் வெறைச்சுக்கிட்டு கைவிரல மடக்கவே கஷ்டம். திடீர்னு பிரஷர் கொறஞ்சா சோடா மூடிய தொறந்த மாதிரி ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கெளம்பிரும், மூட்டு வலில ஆரம்பிச்சு உசுருக்கே ஆபத்து. அதனால முன்னாடியே சுத்த ஆக்சிஜன சுவாசிச்சு நைட்ரஜன வெளியேத்துறாங்க, அதுக்கு தான் அவ்ளோ நேரம்.

பழையசோறு:
ஏர்லாக் இல்லாமலும் போயிருக்காங்க. அப்போலோல நிலாவுல இறங்குன வண்டில ஏர்லாக் கெடையாது, ரெண்டு பேரும் சூட் போட்டுக்கிட்டு கேபின் காத்தையே வெளிய விட்டுட்டு தான் கதவ தொறப்பாங்க. ஆனா 1965 மார்ச் 18 அன்னிக்கு வோஸ்கோட்-2ங்கிற சோவியத் விண்கலத்துல இருந்து விண்வெளி வீரர் லியோனோவ் வெளிய போனப்ப கேபின் காத்த விட முடியாது, உள்ள இருந்த எலக்ட்ரானிக்ஸ் காத்துல தான் கூல் ஆகும். அதுக்காக துணில ஊதிப் பெருசாக்குற ஏர்லாக்க ஒட்ட வெச்சாங்க. அவரு வெளிய இருந்தது 12 நிமிஷம், அதுக்குள்ள சூட் உப்பிடுச்சு, வால்வ தொறந்து காத்த கொறைச்சு தான் உள்ள வந்தாரு. அதுவும் தலைய முதல்ல விட்டு நுழைஞ்சு, அந்த குழாய்க்குள்ளயே திரும்புனாரு பாருங்க, எனக்கெல்லாம் நெனச்சாலே மூச்சு முட்டுது.

மண்டைகுடைச்சல்:
செம. சரி, யாராவது பதட்டத்துல ஸ்டேஷன் பக்க கதவ தப்பா தொறந்துட்டா?

ராக்கெட்ராசு:
கதவு காத்து இருக்குற பக்கமா தொறக்குற மாதிரி தான் இருக்கும். மறுபக்கம் காத்து இல்லன்னா 1 மீட்டர் அகல வட்டக் கதவு மேல கிட்டத்தட்ட 8 டன் அழுத்தம், இழுத்து பாக்கட்டும்.